வேலி அடைக்காதவன் காவற்காரனா?

சென்ற மாதம் யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு கூட்டத்திலே, கற்றறிந்த கனவான் ஒருவர் எழுந்து தமது சங்கத்தின் பெருமைகளை எடுத்தோதினார். அவற்றுள் ஒன்று இது: அவர்களுடைய காரியாலயத்தின் அலுமாரித் தட்டிலே உள்ளங்கையளவான சிறு கணினி ஒன்று இருக்கின்றதாம், அதிலே மக்களின் அந்தரங்கத்தைக் காக்கும் ‘டோர்’ என்னும் மென்பொருள் இயங்குகின்றதாம், "ஆறு வருடமாக அதை ஒருவரும் தொட்டதில்லை, ஆறு வருடமாக அது ஒரு நாளும் நின்றதில்லை!" என்று அவர் முழங்கியபோது சபையிலே கரகோஷம் எழுந்தது.

நானும் அச்சபையில் இருந்தேன். நான் கைதட்டவில்லை. 2022ஆம் ஆண்டில் ஒரு கட்டத்திலே நாளொன்றுக்குப் 13 மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்டில், அந்தப் பெட்டி மாத்திரம் நிற்காமலிருந்த அற்புதத்தைக் கனவானே விளக்க வேண்டும். அது கிடக்கட்டும். சபை மரியாதை கருதி அங்கே சொல்லாது விட்டதை இங்கே சொல்கின்றேன்: ஆறு வருடம் ஒருவரும் தொடாத அந்தப் பெட்டி பெருமைக்குரியதன்று, வெட்கத்துக்குரியது. அதை நம்பி வருபவனுக்கு அது காவலன்று, கண்ணி.

‘இது யந்திரப் பித்தர்களின் விவகாரம், நமக்கென்ன?’ என்று கமக்காரரும் உத்தியோகத்தரும் இப்பத்தியைத் தாண்டிப் போகக்கூடும். தாண்டிப் போகாதீர்கள். 2007 யூன் மாதத்தில் தமிழ்நெற் இணையத்தளம் இந்நாட்டில் முடக்கப்பட்டதை மறந்தீர்களா? 2018 மார்ச்சில், கண்டிப் பகுதியில் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்ட நாட்களில், முகநூலும் வாட்ஸ்அப்பும் வைபரும் அடைக்கப்பட்டன. 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை அடுத்து மீண்டும் அடைக்கப்பட்டன. 2022 ஏப்பிரல் 3ஆந் திகதி, மக்கள் வீதிக்கு இறங்கியபோது மீண்டும் அதே கதை. 2024ஆம் ஆண்டில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே, அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும், அந்தரங்கத்துக்கான உரிமை என்று வெளிப்படையாக ஓர் உறுப்புரை கிடையாது. சட்டம் தராத காவலை மக்கள் தாமே தேடிக்கொள்ள வேண்டிய நிலைமையில், அக்காவலைத் தருவோம் என்று பலகை தொங்கவிட்டவர்கள் அதை எவ்வாறு தருகின்றார்கள் என்று கேட்பதற்கு ஒவ்வொரு குடிமகனுக்கும் உரித்துண்டு.

டோர் என்பது என்ன? வெங்காயத்தின் உரியைப்பற்றி வலிகாமத்துக் கமக்காரருக்கு நான் விளக்கப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். அதன் பெயரே வெங்காய வழி என்பதன் சுருக்கந்தான். செய்தியொன்று உரிக்குமேல் உரியாக மூடப்பட்டு, உலகெங்குமுள்ள தொண்டர்கள் நடத்தும் இடைநிலையங்களில் மூன்றினூடாகச் செல்கின்றது. ஒவ்வொரு நிலையமும் ஓர் உரியை மட்டுமே உரிக்கின்றது. முதல் நிலையத்துக்கு அனுப்பியவர் யாரென்பது தெரியும், போகுமிடம் தெரியாது; கடைசி நிலையத்துக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. 1990களின் நடுப்பகுதியிலே அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் முளைத்த யோசனை இது. 2006ஆம் ஆண்டு முதல் இலாபநோக்கற்ற ஒரு நிறுவனத்தால் பேணப்பட்டு வருகின்றது. (கடற்படையின் பிள்ளையை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: அதன் மூல நிரல் முழுவதும் பகிரங்கமாக உள்ளது, படிக்கத் தெரிந்தவன் எவனும் படிக்கலாம்.)

சிறு கணினியோ, 2012 பெப்ரவரியில் இங்கிலாந்திலே 35 டொலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை என்பதும் அதன் வழித்தோன்றல்களும் ஆகும். பிள்ளைகள் கணினி கற்பதற்கென்று செய்யப்பட்டது. மலிவு, சிறிது, மின்சாரம் குறைவு. ஆகையால் உலகெங்கும் தொண்டர்கள் அதிலே டோரை ஏற்றினார்கள். 2013ஆம் ஆண்டிலேயே அதற்கான படிப்படியான வழிகாட்டிகள் வெளிவந்துவிட்டன. ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம், புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் என்ன செய்வது என்பதை அறிய எவரும் ஆவல் கொண்டதாகத் தெரியவில்லை.

பொட்டு எங்கே?

யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு வேலியைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டிய வேலி, கட்டிய அன்று சுவர்போல நிற்கும். ஒரு மாரி கழிந்தால் ஓலை இற்றுப்போகும். முதலிலே கோழி நுழையும் பொட்டு. பின்பு நாய் நுழையும் பொட்டு. அதன்பின் அயலான் தன் எல்லையை நகர்த்துவான். அதன்பின் இரு பகுதியாரும் என்னைப்போன்ற சட்டத்தரணிகளைத் தேடி வருவார்கள். நம் முன்னோர் வருடந்தோறும் வேலி அடைத்தது பொழுதுபோக்குக்காகவா? ‘என் பாட்டன் அடைத்த வேலி, அறுபது வருடமாக ஒருவரும் தொட்டதில்லை’ என்று எவனாவது கோயில் வீதியிலே நின்று பெருமை பேசியதுண்டா? பேசியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். மென்பொருளென்றால் மட்டும் கைதட்டுகின்றோம்!

மென்பொருள் வேலிக்கும் ஓலை வேலிக்கும் ஒரு வித்தியாசமுண்டு. அது ‘தொடாதே’ என்பாரின் கட்சிக்கு இன்னும் பாதகமானது. ஓலை வேலியின் பொட்டை அயலான் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மென்பொருளின் பொட்டோ, அது அடைக்கப்படும் நாளிலேயே உலகறியப் பறையறைந்து அறிவிக்கப்படுகின்றது. திருத்திய பதிப்பு வெளிவந்தால், பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பவனுக்குப் பொட்டு இருந்த இடம் விரலிடத் தெரியும். ஆகவே திருத்தம் வந்தபின்னும் புதுப்பிக்காதவன் ‘முன்பு இருந்தபடியே இருக்கின்றேன்’ என்று சொல்ல இயலாது. அவனுடைய வேலியின் பொட்டு இப்போது கள்வர் அனைவருக்கும் அறிவிக்கப்பட்ட பொட்டு.

எங்கள் குற்றம்

பிறரைக் குற்றங்கூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்வது கடமை.

2018ஆம் ஆண்டு, மார்ச் மாதத் தடையின் பின்பு, நானும் சில சட்டத்தரணிகளும் சேர்ந்து நடத்திய சட்ட உதவிக் குழுவிலே இத்தகைய பெட்டி ஒன்றை வைத்தோம். பெயர் சொல்ல அஞ்சுவோர் பத்திரங்களையும் படங்களையும் எமக்கு அனுப்புவதற்கான வெங்காய முகவரி ஒன்று அதிலே அமைக்கப்பட்டது. எந்திரவியல் கற்ற வாலிபர் ஒருவர் ஒரு சதமும் வாங்காது இரண்டு மாலைகளில் அதைச் செய்து தந்தார். அவருக்கு மாலை போட்டோம். அடுத்த வருடம் அவர் வெளிநாடு போனார். அவர் கைப்பட எழுதிவைத்த குறிப்பு அலுமாரியில் கிடந்தது. அதை ஒருவரும் வாசிக்கவில்லை. நானும் வாசிக்கவில்லை.

எங்கள் பெட்டியில் ஓடியது அக்காலத்து ராஸ்பியன் இயங்குதளத்தோடு வந்த 0.2.9 என்னும் டோர் பதிப்பு. அதிலே வெங்காய முகவரி 16 எழுத்துக்களைக் கொண்டது. அந்தப் பழைய முறையின் பூட்டுகள் பலவீனமானவை என்று கண்டு, 56 எழுத்துக்கொண்ட புதிய முறையொன்றை டோர் நிறுவனத்தார் ஏற்கெனவே வெளியிட்டிருந்தனர். எங்கள் பதிப்போ அதை அறியாது. அதாவது, வைத்த நாளிலேயே எங்கள் வேலி பழைய ஓலையால் அடைக்கப்பட்டது. 2020 யூலையிலே, பழைய முகவரிகள் ஒழிக்கப்படும் என்று நாள் குறித்து அறிவித்தார்கள்: 2021 யூலை முதல் புதிய பதிப்புவரிசை அவற்றை ஏற்காது, 2021 ஒக்டோபரோடு நிலையான பதிப்புகள் எல்லாவற்றிலிருந்தும் அவை நீக்கப்படும். 15 மாத முன்னறிவித்தல்! குடியிருப்பவனை வெளியேற்றுவதற்குக்கூட இவ்வளவு நீண்ட அறிவித்தல் கொடுப்பவர் அரிது. புதிய பதிப்பு வைத்திருந்தோரின் குறிப்பேட்டில் டோர் தானே எச்சரிக்கையும் எழுதிவைத்தது. எங்கள் பெட்டி எச்சரிக்கவில்லை. எச்சரிக்கத் தெரியாத அளவுக்கு அது பழையதாக இருந்தது.

அதன்பின் நடந்ததைக் கேளுங்கள். வன்னியிலே ஒரு குளத்தின் கீழ் வயற்காணி வைத்திருந்த கமக்காரர் ஒருவருக்கு எல்லைப் பிணக்கு இருந்தது. அவருடைய உறவினரான லிகிதர் ஒருவர், தாம் வேலைபார்த்த கந்தோரின் கோவையிலே காணியின் வரைபடம் மாற்றிச் செருகப்பட்டிருப்பதைக் கண்டார். அதன் படங்களைத் தம் பெயர் வெளிவராதபடி எமக்கு அனுப்ப விரும்பினார். அவர் கைத்தொலைபேசியிலிருந்த டோர் உலாவி, தன் கடமையை அறிந்த செயலி, தானே புதுப்பித்துக்கொண்டது. எங்கள் முகவரியைக் கொடுத்ததும், அது செல்லாத முகவரி என்று மறுத்துவிட்டது. கமக்காரரின் உறவினர் கையிலிருந்த சிறு தொலைபேசி இற்றைப்பட்டிருந்தது. சட்டத்தரணிகளின் காரியாலயத்துப் பெட்டி இற்றுக் கிடந்தது!

சில வாரம் பார்த்தார் லிகிதர். விசாரணை நாள் நெருங்கியது. பொறுமையிழந்து, சாதாரண மின்னஞ்சலில், அதுவும் கந்தோர்க் கணினியிலிருந்து, வேறொருவருக்கு அனுப்பினார். அனுப்பியவர் யாரென்பது விரைவிலேயே வெளிப்பட்டது. அவர் தூர மாவட்டமொன்றுக்கு மாற்றப்பட்டார். படங்கள் விசாரணைக்கு வந்து சேரவில்லை.

2022 பெப்ரவரியிலே அந்தக் கமக்காரர் என்னிடம் வந்தார். "தம்பி, பெடியன் நாலு தரம் அனுப்பிப் பாத்தவன். ஒண்டும் போகேல்லை. நீங்கள் கடையைப் பூட்டிப்போட்டியள் எண்டு நினைச்சம்" என்றார். நான் அலுமாரியைத் திறந்து, சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்த பெட்டியைக் காட்டி, "இல்லை அண்ணை, பாருங்கோ, வேலை செய்யுது" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். "விளக்கு எரியுதுதான். வீட்டிலைதான் ஆரும் இல்லை" என்றார்.

அன்றிரவே வாலிபரின் குறிப்பைத் தேடி எடுத்தேன். அதன் முதலாவது வரி, மாதம் ஒருமுறையாவது புதுப்பிக்கவும் என்பது. பழுதைச் சீர்செய்ய எவ்வளவு நேரம் சென்றது தெரியுமா? புதிய நினைவகத் தகடு ஒன்று வாங்கி, புதிய இயங்குதளமும் புதிய டோரும் ஏற்றி, 56 எழுத்து முகவரி பெற்றது ஒரே பிற்பகலில். பலகை அதே பலகை. நான்கு வருடத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்க இயலாத எங்கள் சோம்பலுக்கு விலை கொடுத்தவர் அந்த லிகிதர்.

உலகறிந்த சாட்சியங்கள்

இது எங்கள் அலுமாரியின் கதை மட்டுமென்று எவரும் தள்ளிவிட வேண்டாம். 2014 ஏப்பிரல் 7ஆந் திகதி ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பெரும் பொட்டு வெளிப்பட்டது. உலகின் இணையத்தளங்களும் டோரும் பூட்டுக்குப் பயன்படுத்திய ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளிலே இரண்டு வருடமாக அது இருந்தது. வெளியாள் ஒருவன், கதவைத் தட்டுவதுபோலத் தட்டி, உள்ளேயிருக்கும் நினைவகத்தின் துண்டுகளை, சாவிகள் உட்பட, வாங்கிக்கொள்ளலாம். திருத்தம் உடனே கிடைத்தது. ஒன்பது நாட்களின் பின்பும் திருத்தாத இடைநிலையங்களை டோரின் மூலவர்களுள் ஒருவரான ரொஜர் டிங்கிள்டைன் கணக்கெடுத்தார். 380 நிலையங்களின் அடையாளங்களை வலைப்பின்னலிலிருந்து விலக்கும்படி செய்தார். அவர் கொண்ட நிலைப்பாட்டைச் சட்டம் பயின்றவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்: இனிமேல் அவர்கள் திருத்தினாலும் பழைய சாவியோடு திரும்ப வர வேண்டாம், இத்தனை நாள் திறந்து கிடந்த சாவியை யார் பிரதி எடுத்தாரென்று எவருக்குத் தெரியும்? காலந்தாழ்த்திய திருத்தம், தாழ்த்திய காலத்தில் களவுபோனதை மீட்டுத் தராது.

(எதிர்க்கட்சிக்கு நியாயம் செய்வதானால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அதனினும் பழைய ஓப்பன் எஸ்எஸ்எல் வைத்திருந்தோர் அந்தப் பொட்டிலிருந்து தப்பினார்கள். பொட்டு புதிய வரிசையில்தான் நுழைந்திருந்தது. வள்ளம் ஓட்டாதவன் புயலில் தப்பியதுபோல. அதைக் கொள்கையாக்குவோர் ஆக்குக.)

அதே வருடம் யூலையில் இன்னொன்று. சனவரி இறுதி முதல் யூலை 4 வரை, 115 கள்ள இடைநிலையங்கள் வலைப்பின்னலுள் புகுந்து, வெங்காய முகவரிகளை நாடுவோர் யாரென்று கண்டறியும் நோக்கத்தோடு, செய்திகளின்மேல் இரகசியக் குறியிட்டு அனுப்பியமை கண்டுபிடிக்கப்பட்டது. கள்ள நிலையங்களுக்கு இடையே இருந்த நேர்மையான நிலையங்கள் அந்தக் குறியை இன்னதென்றறியாது தம் கையாலேயே கடத்திக் கொடுத்தன. யூலை 30ஆந் திகதி திருத்திய பதிப்புகள் வெளிவந்தன. புதிய பதிப்பேற்றிய நிலையம் அக்குறியைக் கண்டால் தொடர்பை அறுத்துவிடும். புதுப்பிக்காத நிலையமோ, அதன்பின்னும் கள்வனின் மூட்டையைச் சுமந்துசெல்ல ஆயத்தமாகவே நின்றது. சுமப்பவன் நல்லவன், அதனால் பயன் யாருக்கு?

ஈற்றில் 2019 ஒக்டோபரிலே டோர் நிறுவனத்தார் பொறுமையிழந்தனர். வலைப்பின்னலிலிருந்த 6,000க்கு மேற்பட்ட நிலையங்களிலே, ஆயுள் முடிந்த பதிப்புகளை ஓட்டிய 800க்கு மேற்பட்டவற்றை விலக்கினர். அவற்றுட் சில 2013 டிசெம்பரில் வெளியான 0.2.4 வரிசையையே இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தன. விலக்குமுன், தொடர்பு முகவரி கொடுத்திருந்தோருக்கெல்லாம் எழுதிக் கேட்டார்கள். கடிதம் கண்டு உடனே திருத்தியவர்களும் இருந்திருப்பர். எங்களைப்போல அலுமாரியைத் திறவாதவர்களும் இருந்திருப்பர்.

‘நாங்கள் தொண்டர்கள்’

இவ்வளவும் சொன்னபின் எழுகின்ற முதல் ஆட்சேபம் எனக்குத் தெரியும். "நாங்கள் கூலி வாங்கவில்லை, இலவசமாகச் செய்யும் தொண்டுக்குக் கணக்குக் கேட்பது என்ன நியாயம்?" என்பார்கள். ஐயா, இந்த ஆட்சேபம் 300 வருடத்துக்கு முன்னரே நீதிமன்றில் தோற்றது. 1703ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரதம நீதியரசர் ஹோல்ட் முன்னிலையில் கொக்ஸ் எதிர் பேர்னார்ட் என்னும் வழக்கு வந்தது. பேர்னார்ட் என்பவர் கொக்ஸ் என்பவரின் பிரண்டிப் பீப்பாக்களை ஒரு நிலவறையிலிருந்து இன்னொரு நிலவறைக்குக் கொண்டுசேர்ப்பதாக ஏற்றார், கூலி இல்லை. கவனயீனத்தால் ஒரு பீப்பா உடைந்து பிரண்டி கொட்டிப்போயிற்று. கூலி வாங்கவில்லையே என்று வாதிட்டார். நீதிமன்று ஏற்கவில்லை. ஒருவன் உன்னை நம்பித் தன் பொருளை ஒப்படைத்து, நீயும் கையேற்றுவிட்டால், கவனமாக இருக்கும் கடமை உனக்குண்டு. கூலி வாங்காமை அக்கடமையை நீக்காது. நமது நாட்டின் உரோமன் டச்சுச் சட்டமும், கூலியின்றிப் பணியேற்றவனைக் கவனயீனத்துக்குப் பொறுப்பாளியாகவே கொள்கின்றது. பிரண்டிக்கு இந்த நீதி என்றால், ஒரு லிகிதரின் சீவனோபாயத்துக்கு எந்த நீதி?

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. அதைச் சொல்பவர்கள் விஷயந்தெரிந்தவர்கள். "நாங்கள் ஒழுங்காகவே புதுப்பிக்கின்றோம். ஆயினும் டோர் பழையதாகவே இருக்கின்றது" என்கின்றனர். உண்மை. ராஸ்பெரி பையின் இயங்குதளம் டெபியன் என்னும் தாய்த்தளத்தைப் பின்பற்றுவது. அதன் நிலையான வெளியீடு தான் பிறந்தபோதிருந்த டோர் வரிசையையே ஆயுள் முழுவதும் கட்டிக்கொண்டிருப்பது வழக்கம். 2021ஆம் ஆண்டின் வெளியீட்டோடு வந்தது 0.4.5 வரிசை, அவ்வரிசையின் ஆயுளோ 2023 பெப்ரவரியில் முடிந்துவிட்டது. நாள்தோறும் கட்டளை கொடுத்துப் புதுப்பித்தவனும், அந்நாளுக்குப் பின் ஆயுள் முடிந்த டோரையே ஓட்டினான். ஆகையால் டோர் நிறுவனத்தாரின் சொந்தக் களஞ்சியத்தைப் பெட்டியின் பட்டியலிற் சேர்க்க வேண்டும். அங்கே இன்னொரு மதில் நிற்கின்றது: அக்களஞ்சியத்தில் 64 பிட் ஆர்ம் பலகைகளுக்குப் பொதி உண்டு, 32 பிட் ஆர்ம் பலகைகளுக்கு இல்லை.

இங்கே டோர் நிறுவனத்தாரையும் சும்மா விடுவதற்கில்லை. மிக மலிவான, மிகப் பழைய பலகை யாரிடம் இருக்கும்? வறியவனிடந்தான் இருக்கும். அவனுக்கே பொதி இல்லையென்றால், அந்தரங்கம் வசதி படைத்தோரின் சொத்தாகின்றது. அவர்கள் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. காணி வழக்குப் பேசியவர்களுக்கு அது எளிதில் விளங்கும். ஒரே பெயரில் இரண்டு காணி இருந்தால் உறுதி எழுதிய நொத்தாரிசு படும் பாட்டை அறிவீர்களல்லவா? டெபியன் ‘ஆர்ம்எச்எஃப்’ என்று பெயரிட்டது ஏழாந் தலைமுறை ஆர்ம் பலகைக்கு. ராஸ்பியன்காரர் அதே பெயரை ஆறாந் தலைமுறைப் பலகைக்கு இட்டனர், ஏனெனில் முதலாவது ராஸ்பெரி பை ஆறாந் தலைமுறையைச் சேர்ந்தது. டெபியனுக்கென்று கட்டிய பொதியைப் பெயர் பார்த்து அங்கே ஏற்றினால், பலகை அறியாத கட்டளையொன்றை எதிர்கொண்டு நிரல் விழுந்துவிடும். இந்தக் குழப்பத்தை டோர் நிறுவனத்தார் தம் வழிகாட்டியில் மறைக்காது எழுதியுள்ளனர். ஆயினும், எழுதிவைத்தல் வேறு, தீர்த்துவைத்தல் வேறு.

2022 பெப்ரவரியில் ராஸ்பெரி பைக்கு 64 பிட் இயங்குதளம் முறையாக வெளிவந்தது. 2016இல் வந்த மூன்றாம் மாதிரியும் அதற்குப் பின்வந்த பெரிய பலகைகளும் அதை ஏற்கும். அத்தகைய பலகை இருந்தும் 32 பிட்டிலேயே ஓட்டிக்கொண்டு ‘பொதி இல்லை’ என்று முறையிடுபவர், குடத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு மழையை நோகின்றார். முதலாவது மாதிரியும் பழைய ‘சீரோ’வும் மட்டுமே உடையவர் மூல நிரலிலிருந்து தாமே தொகுத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் அப்படிச் செய்யும் பொறுமை தமக்குண்டா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்கட்டும். இல்லையாயின் அந்தப் பலகையை அயற் பாடசாலைக்குக் கொடுப்பது புண்ணியம். அது பிள்ளைகளுக்கென்றே பிறந்தது.

"புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்று தகடு பழுதாகினால்?" என்று கேட்கின்றனர். நியாயமான பயம், எங்கள் தகடுகள் இரண்டு அவ்வாறு போயின. தகட்டின் பிரதியொன்றை மேசை இலாச்சியில் வைத்துக்கொள்க. சிறு மின்கலத் துணை ஒன்று வாங்குக. மின்வெட்டின்பின் இன்னொரு தொல்லையும் உண்டு. பெரும்பாலான ராஸ்பெரி பைகளிலே மின்கலத்தில் ஓடும் கடிகாரம் இல்லை. மின்சாரம் திரும்பியதும், தான் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே அது எண்ணத் தொடங்கும். வலையிலிருந்து சரியான நேரத்தைப் பெறும்வரை டோர் வழிக்கு வராது. ‘புதுப்பித்ததால் கெட்டது’ என்று அங்கலாய்ப்போர் முதலில் நாளையும் நேரத்தையும் பார்க்கட்டும். வந்த பொதி கள்வன் அனுப்பிய பொதியாயிருந்தால் என்ற ஐயத்துக்கும் விடையுண்டு: பொதிகள் முத்திரை இடப்பட்டே வருகின்றன, முத்திரை பொருந்தாவிட்டால் இயங்குதளம் ஏற்காது. சீலை உடைத்த உறுதியை நொத்தாரிசு ஏற்காததுபோல.

எனவே, இப்பெட்டிகளை வைத்திருக்கும் சங்கங்கள், கழகங்கள், பத்திரிகைக் காரியாலயங்கள் அனைத்திடமும் நான் கேட்பது பெரிதொன்றன்று. பெட்டிக்குப் பொறுப்பாக ஒருவரின் பெயரைக் கூட்ட அறிக்கையிலே எழுதுங்கள். அவர் வெளிநாடு போகும் நாளில், வாலிபர் நாடு கடப்பது நம் ஊரிலே புதினமன்று, அடுத்தவரின் பெயரை எழுதுங்கள். தானாகப் புதுப்பிக்கும் ஒழுங்கு டெபியனிலேயே உண்டு, அதை இயக்குங்கள். இயக்கிவிட்டுத் தூங்கவும் வேண்டாம்: பொருளாளர் மாதக் கணக்கை வாசிக்கும்போது, பொறுப்பாளர் பெட்டியில் ஓடும் பதிப்பின் இலக்கத்தையும், டோர் நிறுவனத்தார் அம்மாதம் அறிவித்துள்ள இலக்கத்தையும் அடுத்தடுத்து வாசிக்கட்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் சபை காரணங் கேட்கட்டும். வெங்காய முகவரியின் சாவிக் கோப்பைப் பிரதி செய்து உறையிலிட்டு முத்திரைவைத்துத் தலைவரின் பெட்டகத்தில் வையுங்கள். பலகை எரிந்தாலும் முகவரி சாகாது. வெளியே, நீங்கள் வாழும் அதே வீட்டிலே, அதே கம்பியில், சோதித்துப் பாருங்கள் என்று சொல்லவில்லை. ஊருக்கப்பாலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை உங்கள் முகவரிக்கு ஒரு வரி அனுப்பிப் பார்க்கட்டும். எங்களுக்கு அது ஒன்று இருந்திருந்தால், நான்கு தரம் அனுப்பித் தோற்ற லிகிதரின் முதலாவது தோல்விக்கு முன்னரே விழித்திருப்போம்.

இவற்றைச் செய்ய இயலாதவர்கள் பெட்டியை அணைத்துவிடுக. இதைச் சொல்வதற்கு நான் தயங்கவில்லை. பூட்டிய கதவைக் கண்டவன் வேறு கதவை நாடுவான். திறந்திருப்பதாக நடிக்கும் கதவின் முன்னே அவன் காத்து நிற்பான். காத்து நின்ற காலத்திலேதான் எங்கள் லிகிதர் பொறுமையிழந்தார்.

அவர் இன்னும் அந்தத் தூர மாவட்டத்திலேதான் வேலை பார்க்கின்றார். சென்ற தீபாவளிக்கு வந்தபோது என்னைக் கண்டு பேசினார். ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கனவான் வரும்போது, தமது பெட்டியில் ஓடும் டோர் பதிப்பின் இலக்கத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிவரட்டும். நானும் எங்களுடையதை எழுதிவருகின்றேன். சபையின் முன்னே இரண்டையும் வாசிப்போம்.